காசு போட்டால் பாடும் பெட்டி

ஓய்வுபெற்ற ஆண்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. வீட்டில் ஒருவரை வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன். வேலைக்குப் போன காலத்தில் சனி ஞாயிறு மட்டும் காலில் இடறியவர், இப்போது வாரம் முழுக்க இடறுகிறார். கையில் ஒரு போன். அந்தப் போனுக்குள் இன்னும் நிறைய ஓய்வுபெற்ற ஆண்கள்.

மாத்தளையின் அரசாங்கக் காரியாலயமான கச்சேரியிலும் சுற்றுவட்டாரக் கந்தோர்களிலும் ஒரு காலத்தில் கிளாக்கர்களாக இருந்தவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். விடிந்ததும் ரோசாப் பூ வரும். பூவுக்குப் பின்னால் பிள்ளையார், மாதா, பிறை எல்லாம் ஒற்றுமையாக வருவார்கள். பத்து மணிக்குப் பிறகு பாட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே, "இப்படி ஒரு பாட்டு இனி வருமா?" என்று ஒருவர் ஏங்குவார். "அது பொற்காலம் ஐயா" என்று இன்னொருவர் கண்ணீர் விடுவார். கண்ணீர் என்றால் மஞ்சள் முகத்தில் நீலத் துளி, அதற்கு ஒரு விரல் போதும்.

அந்தப் பொற்காலத்தில் நானும் இருந்தேன். இருட்டோடு எழுந்து பேக்கரியில் பாண் வரிசையில் நின்று, என் முறை வரும்போது பாண் முடிந்துபோன பொற்காலம் அது. காலையில் மரவள்ளிக்கிழங்கு, பகலில் மரவள்ளிக்கிழங்கு, இரவில் என்ன என்று அம்மாவைக் கேட்டால் அடி விழும். என் வீட்டுக்காரர் வளர்ந்த தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அந்தக் கிழங்குக்கும் வழி இருக்கவில்லை. இதையெல்லாம் குழுவில் யாரும் போடுவதில்லை. பசி மறந்துவிட்டது, பாட்டு மட்டும் ஞாபகம் இருக்கிறதாம். வசதியான ஞாபகம்.

இந்தக் கூட்டத்தில்தான் என் வீட்டுக்காரர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். தனக்கு முதல் நியமனம் கிடைத்துக் கலேவெலவில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்த நாட்களில், ரோட்டோர முஸ்லிம் ஹோட்டல் ஒன்றில் ஜூக்பொக்ஸ் இருந்தது என்று எழுதினார். ஆள் உயரப் பெட்டி. முகப்பில் வண்ண பல்புகள். காசைப் போட்டு, விருப்பமான பாட்டின் இலக்கத்தை அமுக்கினால் பெட்டி கொஞ்ச நேரம் யோசிக்கும், பிறகு பாடும். பின்னேரம் கந்தோர் விட்டதும் ஒரு பிளேன்டீயோடு அதன் முன்னால் உட்கார்ந்துதான் தன் தனிமையைக் கழித்தாராம்.

எழுதி முடிக்கவில்லை, சிரிப்பு முகங்கள் கொட்டத் தொடங்கிவிட்டன. கலேவெலவில் ஜூக்பொக்ஸா? கொழும்பில் வெள்ளைக்காரன் தங்கும் ஹோட்டலில் இருந்தது என்றால் நம்பலாம். நெல்லும் மிளகாயும் விற்கிற ஊரில் யார் கொண்டுவந்து வைத்தான்? அவர் விடவில்லை. பல்புகளின் நிறத்தைக்கூடச் சொன்னார். நாலைந்து நாள் இதே கூத்து. கடைசியில், ஒரு காலத்தில் அவருக்கு மேலே தலைமைக் கிளாக்கராக இருந்த மனிதர், இப்போது கண்டியில் மகள் வீட்டு மாடியில் இருந்துகொண்டு உலகத்தை மேற்பார்வை செய்பவர், ஒரு வரி போட்டார்: "விடுங்கள், தோட்டத்திலிருந்து வந்த தம்பிதானே. ரேடியோவைப் பார்த்துவிட்டு ஜூக்பொக்ஸ் என்று நினைத்திருப்பார்."

என் வீட்டுக்காரர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனார். அன்றைக்குச் சோற்றைப் பிசைந்தாரே ஒழியச் சாப்பிடவில்லை.

உண்மையைச் சொன்னால், நானும் அந்தப் பெட்டியை நம்பியவள் இல்லை. கல்யாணமான புதிதிலேயே இந்தக் கதையைச் சொன்னார். நான் டவுனில் கன்னியாஸ்திரிகளிடம் படித்து டீச்சராக வந்தவள், சுலபமாகக் காது குத்த முடியாது. "வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் அது பாடாது" என்று அவரே ஒருமுறை சொன்னார். தொழுகைக்குப் போகிற மெசினா என்று கேட்டேன். பாங்கு சொல்லும்போதெல்லாம் அடங்கிவிடும் என்றும் சொன்னார். முதலாளி சுவிட்சை அணைத்திருப்பார் என்பது அவருடைய விளக்கம். முப்பது வருசத்துக்கு மேலாக இந்தப் பெட்டியை வைத்து நான் அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன். ஆனால் அது என் உரிமை. கண்டி மாடியில் இருக்கிறவர் 'தோட்டத்திலிருந்து வந்த தம்பி' என்று சொல்வது வேறு விசயம். உத்தியோகம் பார்த்த காலம் முழுவதும் இந்த மனிதர் அந்தச் சொல்லைத்தான் தின்று செமித்திருக்கிறார். பென்சன் எடுத்த பிறகுமா?

அடுத்த மாதம் குழுவின் ஒன்றுகூடல். அதற்குள் அந்தப் பெட்டியையோ, அதன் ஒரு துண்டையோ, கண்டவர் ஒருவரையோ பிடித்துப் படத்தோடு போட வேண்டும் என்று அவர் சொன்னபோது, நான் கார்ச் சாவியை எடுத்தேன். அவருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை செய்திருந்தது. அதற்கு முன்னாலும் அவர் ஓட்டியதைக் கார் ஓட்டம் என்று சொல்ல முடியாது.

"நீ நம்பாமத்தானே வர்ற?" என்றார்.

"நம்புறதுக்கு வரல. அந்தக் கண்டிக்காரன் வாயை மூடுறதுக்கு வர்றேன். ஏறுங்க" என்றேன்.

முதலில் பலாபத்வல. அங்கே பழைய பாட்டு மெசின்கள் விற்கிற கடை இருப்பதாக அவர் பேஸ்புக்கில் கண்டுபிடித்திருந்தார். நேரே கலேவெலவுக்குப் போகலாமே என்றேன். அந்த ஹோட்டல் ரோடு அகலமாக்கியபோதே போய்விட்டது, முதலாளியின் பெயரும் மறந்துவிட்டது, பெட்டியை யாராவது பழைய சாமான்காரன்தான் வாங்கியிருப்பான் என்றார். துப்பறிகிறாராம்.

கார் கிளம்பியதும் போனில் பாட்டைப் போட்டார். பயணத்துக்கென்று தேர்ந்தெடுத்த சோகப் பாட்டுகள். காதலியைப் பிரிந்த ஒருவன் நிலவைப் பார்த்து உருகி, உச்சத்துக்குப் போய் மூச்சுப் பிடிக்கிற இடத்தில், தலைப் பொடுகுக்கு ஷாம்பு வாங்கச் சொல்லி ஒரு பெண் கத்தினாள். அவர் அவசரமாக அமுக்கினார். மறுபடி நிலவு, மறுபடி பொடுகு. பொற்காலத்தை இலவசமாகக் கேட்டால் இப்படித்தான்.

பலாபத்வலக் கடை, வெள்ளைக்காரர்களைக் கூட்டிவந்து கறுவாவும் ஏலமும் முகரவைத்துக் காசு பறிக்கிற வாசனைத் தோட்டங்களின் வரிசையில் இருந்தது. வாசலில் கிராமபோன்கள், தலைக்கு ஒரு பித்தளைப் புனலோடு. எல்லாம் போன மாதம் பிறந்தவை. பெட்டிக்குச் சாயத் தண்ணி பூசி, ஒரு மூலையைக் கல்லால் உரசிப் பழசாக்கியிருந்தார்கள். கடைக்காரர் எங்களைக் கண்டதும் இங்கிலீசில் ஆரம்பித்தார். மாத்தளை என்று சிங்களத்தில் சொன்னேன். முகத்தில் இருந்த விளக்கு அணைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அதைக் கவனிக்காமல் ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்தார். ஜூக்பொக்ஸ் என்று கேட்டதும், தம்புள்ளைக்குப் பக்கத்தில் ஒரு சுற்றுலா ஹோட்டல்காரன் ஒன்று வாங்கியிருக்கிறான், நல்ல பழசு, கலேவெலவில் இருந்து எடுத்ததாகக்கூட இருக்கலாம் என்றார் கடைக்காரர். நாங்கள் எந்த ஊரைச் சொல்லியிருந்தாலும் அந்த ஊரில் இருந்துதான் எடுத்திருப்பான்.

நாலந்த, நாவுல என்று ரோடு நீண்டது. முன்னால் மரக்கறி லொறி, பின்னால் மரக்கறி லொறி, நடுவில் நானும் நிலவும் பொடுகும். "நீ கொஞ்சம் பேசாம வந்தா பாட்டு கேட்கும்" என்றார். பேசாமல் வந்தேன். பாட்டு கேட்டது. பேசியிருக்கலாம்.

தம்புள்ளை ஹோட்டலில் அந்தக் காலத்துக்கென்றே ஒரு மண்டபம் ஒதுக்கியிருந்தார்கள். சுவரில் சைக்கிளைத் தொங்கவிட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் சைக்கிளைச் சுவரில் தொங்கவிட்டால் பைத்தியம் என்பார்கள். அரிக்கன் லாம்புக்குள் மின்சார பல்பு. தகரக் கோப்பையில் கோப்பி. என் அம்மா விருந்தாளிக்குத் தகரக் கோப்பையில் கொடுக்க நேர்ந்தால் வெட்கப்பட்டுச் செத்திருப்பாள், இங்கே அதற்குத் தனி விலை. மூலையில் ஆள் உயரத்துக்கு ஜூக்பொக்ஸ் ஒன்று வண்ண வண்ணமாக மினுக்கிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் அதன் முன்னால் போய் நின்றார். முதுகை நிமிர்த்தி, சட்டையை இழுத்துவிட்டு, பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டு வாசலில் நின்ற மாதிரி நின்றார். ஒரு பொத்தானை அமுக்கினார். அமுங்கவில்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. விரலால் தடவிப் பார்த்தார். பொத்தான்கள் எல்லாம் ஒட்டிய படம். கழுத்துப்பட்டி கட்டிய இளம் மனேஜர் ஓடிவந்து, அப்படி அமுக்கக்கூடாது, போனை இணைத்தால் போதும், நல்ல சைனாச் சாமான் என்று பெருமையோடு விளக்கினார்.

"பரவாயில்ல. இது பக்கத்துல நில்லுங்க, ஒரு படம் எடுத்துப் போடுவோம். அந்தக் கெழவனுங்களுக்கு என்ன தெரியப் போகுது?" என்றேன். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"அது பொய்" என்றார்.

"அவனுங்க மட்டும் தினமும் உண்மையா பேசுறானுங்க?"

"இது இல்ல அது" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். கோப்பியை நான் ஒருத்தியே குடித்தேன். அதுவும் நன்றாக இல்லை.

இனி வீட்டுக்குத்தான் என்று நினைத்தேன். அவர் பொருளாதார மத்திய நிலையத்துக்குக் காரைத் திருப்பச் சொன்னார். கலேவெல ஆட்கள் மரக்கறி கொண்டுவருவார்கள், நரைத்த தலையாகப் பார்த்துக் கேட்கலாம் என்றார். அந்தச் சந்தையில் காரை நிறுத்துவதே பெரும் பாடு. மூட்டை தூக்குகிறவர்கள் நம்மை ஒரு மூட்டை அளவுக்குக்கூட மதிப்பதில்லை. முட்டைக்கோவா இலையும் அழுகிய தக்காளியும் மிதித்துக்கொண்டு, என் புருசன் நரைத்த தலைகளைத் தேடிப் போய், "முந்தி கலேவெலயில பாட்டுப் பெட்டி வச்ச ஹோட்டல் ஒண்ணு..." என்று கேட்டுக்கொண்டே போனார். வெங்காய விலையைத் தவிர வேறெதுவும் பேசாத இடத்தில் பாட்டுப் பெட்டி. ஒருவர், வேறு யாரிடமோ சொல்வதுபோல, "வெயில் மண்டைக்கு ஏறிட்டு" என்றார்.

வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்திருந்த தொப்பி போட்ட முதியவர் ஒருவர் மட்டும் சிரிக்காமல் கேட்டார். "பாட்டுப் பெட்டிக் கடையா? எனக்குத் தெரியும். அந்த முதலாளி மவுத்தாகிக் கன காலம். மகள் ஈக்கிறா, பெரிய பள்ளிவாசலுக்குப் பின்னால வீடு, வாசல்ல மிளகாய் காயும்" என்றார்.

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் என்ன சொல்ல. கல்யாண நாளில்கூட அவ்வளவு வெற்றியாகப் பார்த்ததில்லை.

"அப்ப பெட்டி இருந்துச்சா?" என்று நான் கேட்டேன்.

"இருந்திச்சு, இருந்திச்சு. ஆனா அவக்கிட்ட மெல்லமாக் கேளுங்க" என்றார் அவர். ஏன் என்று கேட்பதற்குள் லொறி வந்துவிட்டது.

கலேவெல வரைக்கும் பாட்டு இல்லை. அவர்தான் பாடிக்கொண்டு வந்தார். தலைமைக் கிளாக்கர் எங்கே வைத்துக்கொள்வார் முகத்தை என்று நானும் மனதுக்குள் ரசித்துக்கொண்டு வந்தேன். படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்றுகூட யோசித்துவிட்டேன். மரியாதையாக ஆரம்பித்து, நடுவில் ஒரு ஊசி, கடைசியில் ஒரு பூ.

வாசலில் மிளகாய் காய்ந்தது. அதைக் கிளறிக்கொண்டிருந்த பெண்மணி எங்கள் வயதுக்காரி. கனத்த உடம்பு, தடித்த கண்ணாடி. யாருடனோ போனில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். நிறையில் ஏமாற்றிய வியாபாரியாக இருக்க வேண்டும், அவன் பாட்டன் வரைக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டான். பார்த்த உடனே எனக்குப் பிடித்துவிட்டது. எங்களைக் கண்டதும் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, "வாங்க, இரிங்க" என்று விறாந்தையில் கதிரை போட்டார். யார், எங்கிருந்து என்று கேட்கும் முன்பே உள்ளே தேத்தண்ணிக்குச் சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் மெல்லக் கேட்கவெல்லாம் இல்லை. வந்த வேகத்தில் கொட்டினார். தான் இந்த ஊரில் கிளாக்கராக இருந்தது, பின்னேரங்கள், வண்ண பல்புகள், இலக்கங்கள், பாட்டுகள். அந்த ஜூக்பொக்ஸ் இல்லாவிட்டால் அந்த வயதில் தனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும் என்று தழதழத்தார்.

அந்தப் பெண்மணி எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது மெசின் இல்ல சேர்" என்றார். "அதுக்குள்ள ஒண்டும் இல்ல. பின்னால நான் இருந்தேன்."

எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை. அந்த அம்மா சுருக்கமாகவே சொன்னார்.

"எங்கட வாப்பா கொழும்புக்குப் போன நேரம் ஒரு பெரிய ஹோட்டல்ல அப்படி ஒண்டக் கண்டாராம். வாங்குறதுக்கு எங்க வசதி? வந்து தச்சன்கிட்ட பெட்டிய மட்டும் செஞ்சாரு. ரேடியோ ரிப்பேர் செய்ற ஒரு ஆள் வயர் இழுத்துக் கொடுத்தாரு. கடைச் சுவருக்கு இந்தப் பக்கம் எங்கட வீடு. நீங்க காசு போட்டா பின்னால டின்பால் டின்னில விழும். நம்பர அமுக்கினா எனக்கு முன்னால அந்த நம்பர் பல்ப் எரியும். நான் ரெக்கோர்டத் தேடி எடுத்து வைப்பேன். அவ்வளவுதான் உங்கட ஜூக்பொக்ஸ்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாங்குக்கு அடங்குகிற மெசினின் இரகசியம் இவ்வளவுதானா! கொழும்புச் சாமானை ஒரு பலகையிலும் ஒரு டின்னிலும் செய்து முடித்த அந்த முதலாளியின் துணிச்சலை நினைத்து வாய்விட்டே சிரித்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

"நீங்கதான் ஏன் செஞ்சீங்க?" என்று கேட்டேன், சும்மா இருக்காமல்.

"ஆள் வச்சா வெளிய போய் சொல்லிருவான். அப்ப யாரு காசு போடுவா? நான் பெரிய புள்ளையாகி, இஸ்கூல நிப்பாட்டின நேரம் அது. வீட்டுக்குள்ள சும்மாதானே ஈக்கிறாண்டு அங்க உட்கார வச்சாரு. கடை தொறந்தா உட்காரணும், பூட்டினா எழும்பணும்."

உள்ளிருந்து தேத்தண்ணி வந்தது. என் வீட்டுக்காரர் கோப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"பின்னால ஒரு பொம்பளப் புள்ள ஈக்கிறது யாருக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா வாப்பாட மானம் போயிரும். அதனால இருமக்கூடாது. சிரிக்கக்கூடாது. வளையல் போடக்கூடாது, சத்தம் கேட்குமாம். பெருநாளைக்கு எல்லாப் புள்ளைகளும் கை நிறையப் போட்டுக்கொண்டு வருவாங்க. நான் போட்டதில்ல. கல்யாணத்தண்டுதான் போட்டேன்."

"பாட்டு உங்களுக்குப் புடிக்குமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"முதல் கிழமை புடிச்சிச்சு" என்றார். "பொறகு, ஒரே பாட்ட ஒரு நாளைக்கு எத்தன தரம் சேர் கேட்பீங்க? இண்டைக்கும் ரேடியோவில அந்தப் பாட்டெல்லாம் வந்தா நான் எழும்பிப் போய் நிப்பாட்டிருவேன். நல்ல பாட்டு, நல்ல பாட்டு எண்டு சொல்றாங்க. சொல்றவங்க எல்லாம் பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தவங்க."

குழுவில் வருகிற அத்தனை நீலத் துளிகளும் எனக்கு ஞாபகம் வந்தன.

அந்த அம்மா இன்னும் முடிக்கவில்லை. "ஊசி தேஞ்சிரும். ரெக்கோர்ட் மாறிக் கெடக்கும். தேடுறதுக்குக் கொஞ்சம் சுணங்கினா வாற ஆக்கள் பெட்டியக் குத்துவாங்க. மெசின் சிக்கிட்டாம், குத்தினா பாடுமாம். இடம் அவ்வளவுதான் சேர், நான் பலகையில முதுகச் சாச்சிக்கொண்டுதான் உட்காருவேன். ஒவ்வொரு குத்தும் எனக்குத்தான் விழும். கத்தவும் ஏலா."

நான் தேத்தண்ணியைக் குடித்தேன், வேறு என்ன செய்வது. எனக்கு அவருடைய வாப்பா மேல் ஆத்திரம் வந்தது. ஆனால் செத்தவரை மகளுக்கு முன்னால் திட்டுவது எப்படி?

என் வீட்டுக்காரர் கடைசியாக ஒன்று கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம். "அப்ப... பின்னேரத்துல ஒரு கிளாக்கர் வந்து எந்த நாளும் ஒரே பாட்டைத்தான் போடுவாரு. உங்களுக்கு அப்படி யாரும் ஞாபகம் இருக்கா?"

"யாரு வந்தா எண்டு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு பல்ப்தான் தெரியும்" என்றார் அவர்.

கிளம்பும்போது அவரே எங்களை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். பெட்டியைத் தன் கையாலேயே உடைத்துப் பலகைகளை எரித்துவிட்டாராம். முகப்புப் பலகை மட்டும் நல்ல பலா மரம் என்பதால் விறகுக் கொட்டிலுக்குப் பக்கச் சுவராக ஆணி அடித்திருந்தது. காசு போடும் வெட்டு இருந்தது. பல்பு வைத்த ஓட்டைகள் இருந்தன. மழையில் கறுத்த மரத்தில் இலக்கங்கள் மங்கலாகத் தெரிந்தன. என் வீட்டுக்காரர் சொன்னது அத்தனையும், ஒரு எழுத்துப் பிசகாமல், அங்கே நின்றது.

"போட்டோ எடுக்கணுமெண்டா எடுங்க. என்ன மட்டும் எடுக்க வேணாம்" என்றார் அந்த அம்மா.

என் வீட்டுக்காரர் எடுத்தார். நான் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். வெட்டும் இலக்கமும் தெளிவாக விழுந்திருந்தன. ஒழிந்தான் கண்டிக்காரன். அந்த அம்மா மறுத்தாலும் விடாமல் என் கையில் ஒரு பை காய்ந்த மிளகாயைத் திணித்தார்.

கார் ஏறிக் கொஞ்ச தூரம் வந்ததும் போன் துடித்தது. குழுதான். காலையில் கிளம்பும்போது இவர் பெட்டியைத் தேடிப் போவதாக அறிவித்துவிட்டுத்தான் வந்திருந்தார். தலைமைக் கிளாக்கர் கேட்டிருந்தார்: "என்ன தம்பி, ஜூக்பொக்ஸ் அகப்பட்டதா? நாங்கள் எல்லோரும் ஆவலோடு காத்திருக்கிறோம்."

"போடுங்க படத்தை" என்றேன். "கீழ என்ன எழுதணும்னு நான் சொல்றேன்."

அவர் எழுதத் தொடங்கினார். அழித்தார். மறுபடி எழுதினார். நான் ரோட்டைப் பார்த்தபடி என் வரிகளைச் சொல்லிக்கொண்டே வந்தேன், மரியாதையில் ஆரம்பித்து ஊசிக்கு வருவதற்குள் அவர் அனுப்பிவிட்டார். என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். வாசித்தார்.

"தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு பெட்டி இருக்கவில்லை. நான்தான் பிழையாக நினைத்திருக்கிறேன். மன்னிக்கவும்."

காரை ஓரம் கட்டினேன். பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். அதற்குள் போனில் சிரிப்பு முகங்கள் வரத் தொடங்கிவிட்டன, ஒன்றன் மேல் ஒன்றாக. அப்போதே சொன்னேனே என்று தலைமைக் கிளாக்கர் போட்டிருப்பார். நான் பார்க்கவில்லை. எனக்குக் கண் மண் தெரியாத கோபம். இந்த மனிதரைப் பொய்யர் என்று நானே எத்தனை வருசம் சொல்லியிருக்கிறேன். கடைசியில் அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று ஆக்கிவிட்டாரே.

"என்னங்க இது? இருந்துச்சே. கண்ணால பார்த்தோமே. படம் கையில இருக்கே. எதுக்கு இல்லேன்னு போட்டீங்க? அந்த ஆளு உங்களைத் தோட்டத்துப் பையன்னு இன்னும் சிரிக்கப் போறான்."

"சிரிக்கட்டும்" என்றார். வலது கையை மடியில் வைத்து விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். "நானும் குத்தியிருக்கேன்."

"என்னது?"

"பாட்டு வரச் சுணங்கினா எல்லாரையும் மாதிரி நானும்தான் குத்துவேன். நல்லா ஓங்கித்தான் குத்துவேன்."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அதை அணைக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

"இந்தப் படத்தைப் போட்டா அவனுங்க என்ன சொல்லுவானுங்க? ஆகா, அந்தக் காலத்துல என்ன மூளைன்னு சொல்லுவானுங்க. பூ போடுவானுங்க" என்றார். பிறகு ஜன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "பெட்டி எங்க இருந்துச்சு? அங்க ஒரு புள்ளதான் இருந்துச்சு."